மேலே கோதுமை, கீழே எண்ணெய்!

அமெரிக்காவில் உங்களுக்கு ஒரு பாட்டி இருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். "எங்கள் பாட்டி கும்பகோணத்தைத் தாண்டியதே இல்லையே!" என்பீர்கள். இருக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கிற வரையில் மட்டும் அப்படி ஒரு பாட்டி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் போகப் போகிற ஊருக்கு நம்மை அழைத்துப் போகிறவளே அவள்தான்.

ஊரின் பெயர் டையோகா. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் வட டகோட்டா ராஜ்யத்தில் உள்ள சிற்றூர். காலம் 2010-ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம். சிகாகோவில் வசிக்கும் உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'தங்கள் பாட்டியாருக்குச் சொந்தமாயிருந்த எண்ணெய் உரிமையில் தங்களுக்கும் பங்கு உண்டு. இத்துடன் இருக்கும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் பணம் தரச் சித்தமாயிருக்கிறோம்' என்கிறது கடிதம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நீங்கள் குடும்பம் நடத்துகிறவர் ஆயிற்றே! கால் கிலோ கத்தரிக்காயானாலும் காம்பைப் பார்த்து, புரட்டிப் பார்த்து வாங்குகிறவர், பாட்டியின் சொத்தைப் பார்க்காமலா கொடுத்துவிடுவீர்கள்? புறப்படுங்கள்.

சிகாகோவிலிருந்து மேற்கே போகும் 'எம்பயர் பில்டர்' ரயிலில் மத்தியானம் ஏறினால், மறுநாள் காலையில் வட டகோட்டாவில் கண் விழிக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரே சமவெளி. கடல் வற்றித் தரையானது போல, பார்வை போகிற மட்டும் கோதுமை. நடுநடுவே சூரியகாந்தி வயல்கள். ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே திசையைப் பார்த்து நிற்பது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பது போல் இருக்கிறது.

வில்லிஸ்டன் ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள். ஊரைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சந்தடி. சாலை முழுக்க லாரிகள். ஹோட்டல்களில் அறை கிடையாது. வேலை தேடி வந்த ஆண்கள் காரிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். 2010-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் இந்த ஊருக்கு 14,716 பேர். பத்து வருஷம் கழித்து 2020-ல் எடுத்த கணக்கில் 29,160 பேர்! இரண்டு பங்காகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் வயலுக்கு நடுவே தலையாட்டிக்கொண்டு நிற்கிறது, பாருங்கள். எண்ணெய் இறைக்கும் பம்பு. நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது. ஏற்றத்தின் மேல் நடக்கிற ஆளும் இல்லை, பாட்டும் இல்லை என்பதுதான் வித்தியாசம். மழையோ பனியோ, இரவும் பகலும் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறது.

இப்போது பாட்டியின் கதைக்கு வருவோம்.

1862-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, அமெரிக்க சர்க்கார் 160 ஏக்கர் நிலத்தைக் குடியானவர்களுக்குக் கொடுத்தது. சொற்பக் கட்டணம்தான். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, ஒரு வீடு கட்டி, பயிர் செய்து காட்ட வேண்டும். காட்டினால் நிலம் சொந்தம். இதில் விசேஷம் என்ன தெரியுமா? இருபத்தொரு வயது நிரம்பிய, கல்யாணமாகாத பெண்ணும் தன் சொந்தப் பெயரிலேயே மனுப் போடலாம். வட டகோட்டாவில் அப்படி மனுப் போட்டு நிலம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர்.

உங்கள் பாட்டி அவர்களில் ஒருத்தி. நார்வே தேசத்திலிருந்து வந்தவள். 1906-ல் தனி ஆளாக வந்து, தார்க்காகிதம் போர்த்திய மரக் குடிசையில் ஐந்து குளிர்காலத்தைக் கழித்தாள். பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போகிற குளிர்! 160 ஏக்கரும் அவளுடையது ஆயிற்று. மேலே உள்ள மண்ணும் அவளுடையது, மண்ணுக்குக் கீழே உள்ளதும் அவளுடையது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் நாட்டில் பூமிக்கு அடியிலிருக்கும் எண்ணெயை எடுக்க உரிமம் கொடுப்பது சர்க்கார்தான். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் அப்படியல்ல. தனி மனிதரே அதற்குச் சொந்தக்காரராக இருக்கலாம். அது மட்டுமல்ல, மேல் நிலத்தை ஒருவருக்கு விற்றுவிட்டு, அடியில் இருப்பதைத் தாமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். மாடி ஒருவருக்கு, கீழ் வீடு இன்னொருவருக்கு என்று பாகம் பிரிப்பது போல. ஆனால் இந்த வீட்டில் ஒரு விபரீதம்: கீழ் வீட்டுக்குப் போக மாடி வழியாகத்தான் வாசல்! எண்ணெய் உரிமை உள்ளவருக்கு, அதை எடுப்பதற்குத் தேவையான அளவு மேல் நிலத்தைப் பயன்படுத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

1930-களில் மழை பொய்த்தது. புழுதிக் காற்று அடித்தது. விளைந்த கோதுமைக்கும் விலை இல்லை. கடனுக்காகப் பாட்டியின் நிலம், ராஜ்ய சர்க்காரின் சொந்த பாங்கியான வட டகோட்டா பாங்கியிடம் போயிற்று. 1942-ல் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டி அதைத் திரும்ப வாங்கினாள். ஆனால் அதற்கு முந்தின வருஷம் வந்த ஒரு சட்டப்படி, சர்க்கார் தன் நிலத்தை விற்கும்போது கனிம உரிமையில் பாதியை வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 160 ஏக்கர் மண் திரும்பி வந்தது. அடியில் இருந்ததில் 80 ஏக்கர் பங்குதான் வந்தது. அப்போது யாரும் கவலைப்படவில்லை. கோதுமை விதைக்கப் பத்து அங்குல மண் போதுமே!

1951-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி டையோகாவுக்குத் தெற்கே கிளாரன்ஸ் ஐவர்சன் என்பவருடைய பண்ணையில் எண்ணெய் பீறிட்டது. வட டகோட்டாவில் முதல் எண்ணெய் அதுதான். பக்கத்திலேயே ஹென்றி பேக்கன் என்ற விவசாயியின் நிலத்திலும் தோண்டினார்கள். அங்கே இரண்டு மைல் ஆழத்தில் தெரிந்த பாறை அடுக்குக்கு அவர் பெயரையே வைத்து 'பேக்கன்' என்றார்கள். அந்தப் பாறைக்குள் எண்ணெய் இருந்தது நிஜம். ஆனால் கெட்டியான எள்ளுருண்டையிலிருந்து எண்ணெய் பிழிகிற மாதிரி, எடுக்கிற வித்தை யாருக்கும் அப்போது தெரியவில்லை.

பாட்டி மட்டும் அதை மறக்கவில்லை. 1962-ல் உழ முடியாத வயதில் நிலத்தை அண்டை வீட்டாருக்கு விற்றபோது, கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'அடியில் உள்ள எண்ணெயும் இதர கனிமங்களும் எனக்கும் என் வாரிசுகளுக்கும்.' அந்த ஒரு வரிதான் இன்றைக்கு உங்களை ரயிலேற்றிக் கொண்டு வந்திருக்கிறது!

வில்லிஸ்டன் கோர்ட்டுக் கட்டடத்துக்குள் போவோம். ஜில்லாப் பத்திரங்களெல்லாம் பதிவாகியிருப்பது இங்கேதான். எண்ணெய்க் கம்பெனிகளின் நிலத்தரகர்கள் கனத்த புஸ்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய பாட்டி, யாருக்கு, எப்போது, எதை எழுதிக் கொடுத்தாள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, உரிமை இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்பது. ஏன் தெரியுமா? இந்த ராஜ்யத்தில் ஒரு சட்டம் உண்டு. கனிம உரிமையை இருபது வருஷம் யாரும் பயன்படுத்தாமல், பத்திரம் ஒன்றும் பதியாமல் விட்டிருந்தால், மேல் நிலத்துக்காரர் அதைக் கேட்கலாம். ஜில்லாப் பத்திரிகையில் வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் நோட்டீஸ் போடுவார். முதல் நோட்டீஸ் வந்த அறுபது நாளுக்குள் 'இது என்னுடையது' என்று நீங்கள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் போச்சு! சிகாகோவில் சமையலறையில் நிற்கிறவருக்கு, எண்ணூறு மைலுக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த நோட்டீஸ் எப்படித் தெரியும்?

நல்ல வேளை! நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை. பதிவு அதிகாரியின் மேஜையிலேயே ஒரு தாள் வாங்கி, உரிமை கோரும் வாசகத்தை எழுதிப் பதிவு செய்துவிடுகிறீர்கள். கொஞ்சம் கட்டணம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது கணக்கு. பாட்டிக்கு 80 ஏக்கர் உரிமை. அவளுக்கு நாலு குழந்தைகள், ஆளுக்கு 20. உங்கள் அம்மாவின் 20-ல் உங்களுக்கும் அண்ணாவுக்கும் பத்துப் பத்து. பத்து ஏக்கர் என்றதும் பங்களா வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இப்போதைய கிணறு நேரே இரண்டு மைல் இறங்கி, அங்கே வளைந்து, படுத்தவாக்கில் இன்னும் இரண்டு மைல் போகிறது. பாறையைத் தண்ணீரும் மணலும் கொண்டு அழுத்தி வெடிக்க வைத்து எண்ணெயை வரவழைக்கிறார்கள். 2006-க்குப் பிறகு பேக்கன் பாறை கண் திறந்தது இந்த வித்தையால்தான். ஒரு கிணறு பலருடைய நிலத்துக்கு அடியில் ஓடுகிறபடியால், 1280 ஏக்கரை ஒரே பாத்தியாகச் சேர்த்து, வருகிறதை ஏக்கர் கணக்கில் பங்கு போடுகிறார்கள்.

எண்ணெய் விற்ற பணத்தில் உரிமைக்காரர்களுக்குக் கிடைக்கும் வாரத்துக்கு ராயல்டி என்று பெயர். பழைய நாளில் எட்டில் ஒரு பங்கு. பேரம் பேசத் தெரிந்தவர்கள் பதினாறில் மூன்று வரை வாங்கினார்கள். அதையே வைத்துப் பார்ப்போம். 1280-ல் 10 பாகம், அதில் 16-ல் 3 பாகம். ஆயிரம் டாலருக்கு எண்ணெய் விற்றால் உங்களுக்கு ஒரு டாலர் நாற்பத்தாறு காசு! தினம் 500 பீப்பாய் வந்து, பீப்பாய் 70 டாலருக்கு விற்றால் நாளொன்றுக்குச் சுமார் 51 டாலர். வரி வேறு போகும். ஒரு வருஷத்துக்குள்ளேயே கிணற்றின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பாத்தியில் பல கிணறு போட்டால் கூடும். குடும்பத்துக்கு உபகாரமான தொகைதான், ஆனால் கோட்டை கட்டுகிற தொகை அல்ல.

சாயங்காலம் நிலத்தரகர் உங்களைக் காப்பிக் கடையில் சந்திக்கிறார். மரியாதையானவர். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுகிறார். "எல்லாரும் கையெழுத்துப் போடுகிற வழக்கமான பாரம்தான், அம்மா" என்கிறார். தாளின் மூலையில் 'புரொட்யூசர்ஸ் 88' என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பெயரில் எத்தனையோ விதமான வாசகங்கள் உலவுகின்றன. பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு வேறு!

ஆகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். இது குத்தகைதானா, இல்லை உரிமையையே விற்கிற கிரயமா? தலைப்பைப் பார்த்துக் குத்தகை என்று நினைத்து, அடியோடு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. குத்தகை எத்தனை வருஷம்? மூன்றா, ஐந்தா? அதற்குள் கிணறு போட்டு எண்ணெய் வந்துவிட்டால், வருகிற மட்டும் குத்தகை நீடிக்கும். அது பேரனின் காலம் வரையிலும் போகலாம். எண்ணெயைக் கொண்டுபோகிற செலவையும் சுத்தம் செய்கிற செலவையும் உங்கள் பங்கில் கழிப்பார்களா? முன்பணத்துக்குக் கொடுப்பது நேரான செக்கா, அல்லது பல நாள் கழித்துச் செல்லுபடியாகிற டிராப்டா? டிராப்டானால், பணம் கைக்கு வருவதற்கு முன் பத்திரம் பதிவாகிவிடக் கூடாது. ராயல்டி தாமதமானால், விற்ற 150 நாளுக்குப் பிறகு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி கேட்க இந்த ராஜ்யத்துச் சட்டம் இடம் தருகிறது. இதையெல்லாம் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால், அவருக்குக் கொடுக்கிற பீஸ் வீணாகாது.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்துகொள்ளுங்கள். நாளைக் காலையில் நாம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருக்கிறது.

பாட்டியின் நிலம்!

கப்பி ரோட்டில் லாரிகள் கிளப்பிய புழுதி, ஓரத்துக் கோதுமையை வெள்ளையாக்கியிருக்கிறது. வீட்டு வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். 1962-ல் நிலம் வாங்கியவர்களின் மருமகள். நீங்கள் யார் என்று சொன்னதும் முகத்தில் ஒரு நிழல் ஓடுகிறது. ஆனாலும் உள்ளே அழைத்து, காப்பி கொடுத்து, 'லெப்சே' என்கிற உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி வைக்கிறார். பார்த்தால் நம் சப்பாத்திதான்!

அப்புறம் மெதுவாகச் சொல்கிறார். "கிணறு வந்தால் லாரி எங்கள் வாசலில் போகும். விளக்கு ராத்திரி முழுக்க எங்கள் ஜன்னலில் எரியும். குழாய் உடைந்தால் எங்கள் வயல் கெடும். செக்கு மட்டும் சிகாகோவுக்குப் போகும்."

என்ன பதில் சொல்வீர்கள்? மேல் நிலத்துச் சேதத்துக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1979-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வதை அந்த அம்மாளின் சமையலறையில் உட்கார்ந்து சொல்ல நா எழவில்லை. அவர் உங்களைக் கொல்லைப்புறம் அழைத்துப் போகிறார். வடக்குக் காற்றைத் தடுக்க வரிசையாக நிற்கும் மரங்கள். "உங்கள் பாட்டி வைத்தவை. அறுபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று என் மாமியார் சொல்லுவார். கணக்கில் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார்" என்று சிரிக்கிறார்.

அன்று ராத்திரி நீங்கள் செய்கிற காரியம் எண்ணெயைவிட முக்கியமானது. டெலிபோனை எடுக்கிறீர்கள். பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்டு வருஷக்கணக்கில் பேசாத மாமா பெண்ணை, பெரியம்மா பிள்ளையை, எல்லாரையும் கூப்பிடுகிறீர்கள். பத்து ஏக்கர்க்காரி தனியாகப் பேசினால் தரகர் புன்னகை செய்துவிட்டுப் போவார். பாட்டியின் 80 ஏக்கர் வாரிசுகளும் சேர்ந்து, ஒரே வக்கீலை வைத்துப் பேசினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். சேர்ந்து பேசியதில் பதினாறில் மூன்று பங்கு கிடைக்கிறது. செலவுக் கழிவு பற்றிய வரி அடிபடுகிறது. கடைசியில் உங்கள் பிடிவாதத்தால் இன்னொரு வரியும் சேர்கிறது: 'வீட்டுக்கும் மரவரிசைக்கும் பக்கத்தில் கிணறோ பாதையோ போடக் கூடாது.' பாத்தியின் மறுகோடியிலிருந்து தோண்டினாலும் எண்ணெய் வரத்தானே வரும்!

அந்த வரி எவ்வளவு அவசியம் என்பதைப் பின்னால் நடந்தது காட்டிற்று. 2013-ல் டையோகாவுக்கு அருகே ஒரு கோதுமை வயலில் குழாய் கசிந்து, 20,000 பீப்பாய்களுக்கும் மேல் எண்ணெய் மண்ணில் பரவியது. அறுவடைக்குப் போன விவசாயிதான் முதலில் கண்டுபிடித்தார். அந்த மண்ணைச் சுத்தம் செய்ய வருஷக்கணக்காயிற்று. 2014-ல் வட டகோட்டா தினம் பத்து லட்சம் பீப்பாயைத் தாண்டியது. அதே வருஷத்தின் நடுவில் விலை சரிய ஆரம்பித்து, நூறு டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே வந்தது. செக்கை நம்பிக் கடன் வாங்கியவர்கள் தவித்தார்கள். உங்களைப் போல் கணக்குப் பார்த்தவர்கள் தப்பினார்கள்.

சரி, பிரயாணம் முடிந்தது. பாட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அவள் எழுதி வைத்த அந்த ஒரு வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் மஞ்சளாகிப்போன பத்திரம் ஏதாவது இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்து, தூசி தட்டி, ஒரு தடவை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயரெல்லாம் இருக்கிறதோ, அவர்களுக்கு ஒரு டெலிபோனும் செய்யுங்கள்.